மன்னா என்றால் 'இது என்ன?'

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், கிறிஸ்தவக் குடும்பங்களில் பக்தி குன்றிவருவதைப் பற்றி அண்மையில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். கட்டுரையாளர் எழுதியிருப்பதில் பாதிக்கு மேல் உண்மை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வீடுகளில் குடும்ப ஜெபம் அருகிவருகிறது. வேதாகமம் மேசையை விட்டு அலமாரிக்குப் போய்விட்டது. ஒரே கூடத்தில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தாலும் நால்வரும் நான்கு திரைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் இதற்கு அவர் சொல்லும் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. வீட்டு வாழ்க்கை இயல்பிலேயே சலிப்பூட்டுவது என்றும், பாத்திரம் துலக்குவதிலும் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதிலும் தெய்வீகமான வியப்புக்கு இடமே இல்லை என்றும், ஆகையால்தான் மக்கள் பெரிய கூட்டங்களையும் பெரிய அற்புதங்களையும் நாடிப் போகிறார்கள் என்றும் அவர் வாதிடுகிறார். கூட்டங்களுக்குப் போகிறவர்களை நான் குறைசொல்லவில்லை. நானும் போயிருக்கிறேன், கண்கலங்கியும் திரும்பியிருக்கிறேன். ஆயினும் வியப்பு வீட்டில் கிடைக்காத பொருள் என்ற எண்ணத்தைக் கிறிஸ்தவ வேதம் எங்கேயும் சொல்லவில்லை. அது சொல்வது ஏறக்குறைய இதற்கு நேர்மாறானது என்பதற்காகவே இந்தக் கடிதம்.

வேதாகமத்தில் யாத்திராகமத்தின் 16-ஆம் அதிகாரத்தில், எகிப்திலிருந்து புறப்பட்டு வனாந்தரத்தில் நடந்த இஸ்ரவேல் ஜனங்களுக்குக் காலைதோறும் உணவு கிடைத்த வரலாறு இருக்கிறது. விடியற்காலையில் பனி மறைந்தபின் தரையில் உருண்டையான சிறிய பொருள் ஒன்று கிடந்ததையும், அதைக் கண்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்து, இது என்ன என்று கேட்டதையும் வாசிக்கிறோம். எபிரெய மொழியில் அவர்கள் கேட்ட அந்தக் கேள்வியே அந்த உணவுக்குப் பெயராகிவிட்டது. மன்னா என்ற சொல்லுக்குள் 'இது என்ன' என்ற கேள்வி இருக்கிறது. அதாவது, அந்த அன்றாட ஆகாரத்துக்கு வேதம் கொடுத்த பெயர் ஒரு வியப்புக் குரல். ஆளுக்கு ஓர் ஓமர் அளவு. மறுநாளைக்கு எடுத்துவைத்தால் புழுத்துப்போகும். ஆறாம் நாளில் மட்டும் இரட்டிப்பாகச் சேர்க்கலாம். நாற்பது ஆண்டுகள் இது நடந்தது. ஆனால் எண்ணாகமம் 11-ஆம் அதிகாரத்துக்கு வரும்போது அதே ஜனங்கள், இந்த மன்னாவைத் தவிர எங்கள் கண்களுக்கு முன்பாக வேறொன்றும் இல்லையே என்று அழுகிறார்கள். மன்னா மாறவில்லை. அதே பனி, அதே விடியற்காலை. கேட்டுக்கொண்டிருந்த கேள்வியைத்தான் அவர்கள் கைவிட்டிருந்தார்கள். பெயரை உச்சரித்துக்கொண்டே, அந்தப் பெயர் ஒரு கேள்வி என்பதை மறந்துவிடுவது எவ்வளவு எளிது என்பதை எங்கள் வீட்டிலேயே நான் கற்றுக்கொண்டேன்; அந்தக் கதையில் குற்றவாளி நான்தான்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், என் மகனுக்குப் பதினொரு வயதும் மகளுக்கு ஏழு வயதுமாக இருந்தபோது, வேதாகமம் முழுவதையும் குடும்பமாக வாசித்து முடிப்பது என்று தீர்மானித்தேன். மொத்தம் 1189 அதிகாரங்கள். நாளுக்கு மூன்று வீதம் வாசித்தால் ஓராண்டும் ஏறத்தாழ ஒரு மாதமும் ஆகும். கணக்கில் எனக்கு எப்போதும் ஆசை உண்டு. கட்டம் போட்ட ஓர் அட்டவணையைத் தயாரித்துச் சுவரில் ஒட்டினேன். ஒவ்வோர் இரவும் வாசித்து முடித்தவுடன் ஒரு கட்டத்தில் குறியிடுவதும், பிள்ளைகள் கவனித்தார்களா என்று சோதிக்க ஐந்து கேள்விகள் கேட்பதும் வழக்கமாயின. யோசேப்பின் கதை முடியும் வரை வண்டி ஓடியது. லேவியராகமத்தின் நடுவில் மகனுக்கு இரவு எட்டரை மணியானால் வயிறு வலிக்கத் தொடங்கியது. என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலேயே அவர் நிறைய சொல்லக்கூடியவர். நான் அதைக் கண்டுகொள்ளாமல், பக்தி என்றால் கொஞ்சம் கசக்கத்தான் செய்யும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு கட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அலுவலகத்திலிருந்து மிகவும் தாமதமாக வந்தேன். மூன்று அதிகாரங்களுக்கு உடம்பில் தெம்பில்லை. அட்டவணையை ஒருநாள் விட்டுவிடலாம் என்று, மாற்கு சுவிசேஷத்தின் 5-ஆம் அதிகாரத்தில் யவீருவின் மகள் கதையை மட்டும் வாசித்தேன். பன்னிரண்டு வயதுப் பெண், வீடு முழுக்க அழுகையும் புலம்பலும், இயேசு உள்ளே போய் அவளுடைய கையைப் பிடித்து, தலீத்தாகூமி, சிறு பெண்ணே எழுந்திரு என்கிறார், அவள் எழுந்து நடக்கிறாள், எல்லாரும் பிரமிக்கிறார்கள். வழக்கமாகப் பிரசங்கிமார் நிறுத்தும் இடத்தில் நானும் நிறுத்தப்போனேன். கடைசி வசனம் ஒன்று மிச்சமிருந்ததால் அதையும் வாசித்துவைத்தேன். நடந்ததை ஒருவருக்கும் அறிவிக்கக்கூடாது என்று கட்டளையிட்டுவிட்டு, அவளுக்கு ஆகாரங்கொடுக்கும்படி இயேசு சொன்னார் என்று அதிகாரம் முடிகிறது.

"அப்பா, அவங்க அம்மா அவளுக்குச் சாப்பிட என்ன குடுத்தாங்க?" என்று மகள் கேட்டாள்.

அது எழுதப்படவில்லை என்றேன். அவள் சற்று யோசித்துவிட்டு, "அவங்க அம்மா ரொம்ப அழுதிருப்பாங்கல்ல, அதுல சாப்பாடு போடணும்னே மறந்துபோயிருக்கும். அதான் அவரு ஞாபகப்படுத்துறாரு" என்றாள்.

சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது. கையில் ஈரத்தோடு என் மனைவி வாசற்படியில் வந்து நின்றார். இந்தப் பகுதியை வைத்து நான் கேட்ட பிரசங்கங்களுக்குக் கணக்கில்லை. மரணத்தின் மேல் அதிகாரம், விசுவாசத்தின் வல்லமை என்று எல்லாம் கேட்டிருக்கிறேன். செத்தவளை எழுப்பியவர், எழுந்தவளுக்குப் பசிக்கும் என்பதை நினைத்தார் என்று ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. அதைவிட, மகள் உயிரோடு நிற்பதைப் பார்த்துத் திகைத்துப்போன ஒரு தாயின் கைகளுக்கு உடனே ஒரு வேலையைக் கொடுத்தார் என்பதும், அந்த வேலை அவள் நேற்றும் முந்தாநாளும் செய்த அதே வேலை என்பதும் எனக்குத் தோன்றவே இல்லை. அற்புதம் ஒரு வசனத்தில் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடக்கப்போவது சாப்பாடு. அன்று ஐந்து கேள்விகளை நான் கேட்கவில்லை. அட்டவணை இன்னும் சில மாதங்கள் சுவரில் இருந்து, ஒருநாள் வெள்ளையடிக்கும்போது போய்விட்டது.

அந்தக் கேள்விக்குப் பிறகு சுவிசேஷங்களை நான் வேறு கண்களோடு வாசிக்கிறேன். இயேசுவின் உவமைகளில் எத்தனை வீட்டுக்குள் நடப்பவை என்று பாருங்கள். ஒரு பெண் மூன்று படி மாவில் புளித்த மாவை அடக்கிவைக்கிறாள். இன்னொருத்தி தன் பத்து வெள்ளிக்காசில் ஒன்றைத் தொலைத்துவிட்டு, விளக்கைக் கொளுத்தி வீட்டைப் பெருக்கித் தேடுகிறாள். நடுராத்திரியில் கதவைத் தட்டும் நண்பனுக்கு உள்ளேயிருந்து ஒருவன், கதவு பூட்டியாயிற்று, என் பிள்ளைகள் என்னோடுகூடப் படுத்திருக்கிறார்கள் என்று பதில் சொல்கிறான். தூங்கவைத்த பிள்ளை விழித்துவிடுமோ என்று அஞ்சிப் படுக்கையில் அசையாமல் கிடந்த எந்தத் தகப்பனும் அந்த வசனத்தை ஒரு சிரிப்பு இல்லாமல் கடந்துபோக மாட்டான். உயிர்த்தெழுந்த பின்பும் அப்படித்தான். யோவானின் கடைசி அதிகாரத்தில், மரணத்தை வென்றவர் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துக்கொண்டு, இரவெல்லாம் உழைத்துக் களைத்த தம்முடைய நண்பர்களை, "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்று கூப்பிடுகிறார். வலையில் 153 மீன்கள் இருந்தன என்று எண்ணிக்கை வரை குறித்துவைத்த அந்தச் சுவிசேஷக்காரர், காலை உணவு ஆயத்தமாயிருந்தது என்பதையும் அதே அக்கறையோடு குறித்துவைக்கிறார்.

மோசே கண்ட, தீப்பற்றி எரிந்தும் வெந்துபோகாத முட்செடியையும் இங்கே சொல்ல வேண்டும். அவர் அன்று ஆராதனைக்குப் போய்க்கொண்டிருக்கவில்லை. மாமனாருடைய ஆடுகளை மேய்த்துக்கொண்டிருந்தார். குடும்பத் தொழில். இந்த முட்செடி வெந்துபோகாதிருக்கிறது என்ன, நான் கிட்டப்போய்ப் பார்ப்பேன் என்று அவர் சொல்கிறார். அவர் பார்க்கும்படி கிட்ட வருகிறதைக் கண்டபோதுதான் தேவன் பேசுகிறார். அவர் ஆடுகளே கதி என்று போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வேதம் சொல்லவில்லை. நான் அட்டவணையோடு போய்க்கொண்டிருந்த மாதங்களை நினைத்தால், அந்த வாக்கியத்தின் வரிசை என்னைச் சுடுகிறது.

கட்டுரையாளர் சொன்ன இன்னொன்றுக்கும் பதில் எழுத வேண்டியிருக்கிறது. வாசிப்பு தனிமனிதச் செயல் என்றும், அது குடும்பத்தைச் சேர்த்துவைக்காது, பிரித்தே வைக்கும் என்றும் அவர் ஒரு வரி எழுதியிருந்தார். இன்றைக்கு நாம் வாசிக்கும் விதத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அப்போஸ்தலர் நடபடிகளில் எத்தியோப்பிய மந்திரி தன் இரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசிப்பதைப் பிலிப்பு ஓடிப்போய்க் கேட்கிறார். கேட்க முடிந்தது என்றால் அவர் வாய்விட்டு வாசித்தார் என்றுதான் பொருள். வாசிக்கிறவைகளின் கருத்து உமக்குத் தெரியுமா என்று பிலிப்பு கேட்க, ஒருவன் எனக்குத் தெரிவிக்காவிட்டால் எப்படித் தெரியும் என்று சொல்லி அந்த மனிதர் அவரை ஏறித் தம்மோடு உட்காரும்படி வேண்டிக்கொள்கிறார். கிறிஸ்தவத்தில் வாசிப்பு தொடக்கத்திலிருந்தே பக்கத்தில் இன்னொருவருக்கு இடம்விட்டுச் செய்யும் காரியமாகத்தான் இருந்தது.

386-ஆம் ஆண்டில் மிலான் நகரத்துத் தோட்டம் ஒன்றில், பின்னாளில் திருச்சபையின் பெரிய ஆசானாகிய அகுஸ்தீனுக்கு நடந்ததை நினைவுபடுத்துகிறேன். மனம் உடைந்து ஒரு மரத்தடியில் அழுதுகொண்டிருந்த அவருக்குப் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குழந்தையின் குரல், 'எடு, வாசி. எடு, வாசி' என்று திரும்பத் திரும்பப் பாடுவது கேட்டது. ஆண் குழந்தையா பெண் குழந்தையா என்று தமக்குத் தெரியவில்லை என்று அவரே எழுதுகிறார். இப்படிச் சொற்கள் வரும் விளையாட்டு ஏதாவது குழந்தைகளுக்கு உண்டா என்றுதான் அவர் முதலில் யோசித்துப் பார்க்கிறார். இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும். பிறகு எழுந்துபோய், நண்பர் அலீப்பியுஸுக்கு அருகில் தாம் வைத்திருந்த, அப்போஸ்தலராகிய பவுலின் நிருபங்களைத் திறந்து ரோமர் 13-ஆம் அதிகாரத்தில் கண்ணில் பட்டதை வாசிக்கிறார். அலீப்பியுஸ் அதே ஏட்டை வாங்கி, அதற்கு அடுத்த வரியை வாசித்து, அது தனக்கு எழுதப்பட்டது என்கிறார். இருவரும் வீட்டுக்குள்ளே போய் அகுஸ்தீனின் தாய் மோனிக்காவிடம் சொல்கிறார்கள். உலகச் சரித்திரத்தில் மிகவும் பேசப்பட்ட இந்த மனமாற்றத்தில் ஆலயமும் இல்லை, கூட்டமும் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை, ஒரு புத்தகம், ஒரு நண்பர், ஒரு தாய், அவ்வளவுதான்.

ஆங்கில எழுத்தாளர் ஜான் பனியனின் வரலாறு இதைவிட வறுமையானது. அவரும் அவருடைய முதல் மனைவியும் மணமுடித்தபோது வீட்டில் ஒரு தட்டும் கரண்டியும்கூட இல்லை என்று அவர் எழுதியிருக்கிறார். மனைவி கொண்டுவந்தவை, அவருடைய தகப்பனார் விட்டுச்சென்ற இரண்டு பக்தி நூல்கள். தட்டு இல்லாத வீட்டில் இருவரும் சேர்ந்து அந்த இரண்டு நூல்களை வாசித்தார்கள். அப்படி வாசித்த அந்த மனிதரிடமிருந்துதான் பின்னாளில், 1678-இல், மோட்சப் பிரயாணம் என்ற உருவகக் கதை வந்தது. தமிழில் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை அதைத் தழுவி இரட்சணிய யாத்திரிகம் என்ற காப்பியமாக்கி 1894-இல் வெளியிட்டதால், நம்முடைய பழைய வீடுகளில் அந்தக் கதை மூலத்தைவிட இனிய ஓசையோடு ஒலித்தது. மூலத்தின் முதல் பாகத்தில் ஒரு காட்சி என்னை எப்போதும் உறுத்தும். கதைநாயகன் மோட்சத்தைத் தேடி ஓடும்போது மனைவியும் பிள்ளைகளும் பின்னால் நின்று கூப்பிடுகிறார்கள்; அவன் காதுகளை விரலால் அடைத்துக்கொண்டு ஓடுகிறான். உருவகம்தான், எனக்கும் தெரியும். ஆனாலும் பக்தி என்ற பெயரில் காதை அடைத்துக்கொள்ளும் தகப்பன்மாரைப் பார்த்திருக்கிறேன். சிலகாலம் நானே ஒருவனாக இருந்தேன். பனியனுக்கும் அது உறுத்தியதோ என்னவோ, 1684-இல் இரண்டாம் பாகம் எழுதினார். அதில் பிரயாணம் செய்கிறவர்கள் அந்த மனைவியும் நான்கு மகன்களும், கூட வந்த ஓர் அண்டைவீட்டுப் பெண்ணும். முதல் பாகத்தில் நாயகன் பெரும்பாலும் ஒன்றிரண்டு தோழர்களோடு போராடிச் சென்ற வழியில், இரண்டாம் பாகத்துக் குடும்பம் நின்று, சாப்பிட்டு, பிள்ளைகள் கேள்வி கேட்க, பாட்டுப் பாடிக்கொண்டு மெதுவாகப் போகிறது. இலக்கிய விமர்சகர்கள் முதல் பாகத்தையே உயர்வாகச் சொல்வார்கள். குடும்பஸ்தன் என்ற முறையில் என் வாக்கு இரண்டாம் பாகத்துக்கு.

நம் மொழியிலேயே இன்னும் நெருக்கமான சான்று ஒன்று இருக்கிறது. சுவிசேஷங்களில் மரியாளின் கணவனாகிய யோசேப்பு ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. கனவு காண்கிறார், எழுந்திருக்கிறார், சொன்னபடி செய்கிறார், தச்சு வேலை பார்க்கிறார். பேச்சே இல்லாத இந்தக் குடும்பத் தலைவரைப் பாட்டுடைத் தலைவராக வைத்து வீரமாமுனிவர் 3615 பாடல்களில் தேம்பாவணியைப் பாடினார். மூன்று காண்டங்கள், முப்பத்தாறு படலங்கள். யோசேப்பு என்ற பெயரின் பொருளை எடுத்துக்கொண்டு அவருக்கு வளன் என்று தமிழ்ப்பெயரும் சூட்டினார். போர்வீரர்களும் அரசர்களும் நிற்கும் காப்பிய வரிசையில், மனைவியையும் குழந்தையையும் இரவோடிரவாக அழைத்துக்கொண்டு எகிப்துக்கு ஓடிய ஒரு தச்சனை நிறுத்தியது சாதாரணத் துணிவல்ல. தேம்பாவணியை முழுவதும் படித்தேன் என்று சொல்லிக்கொள்ள நான் ஆளில்லை. உரையின் துணையோடு சில படலங்களைத்தான் கடந்திருக்கிறேன். ஆனால் வீட்டு வாழ்க்கையில் வியப்புக்கு இடமில்லை என்று தமிழில் எழுத ஒருவர் முற்படும்போது, அந்த 3615 பாடல்களுக்கும் அவர் ஒரு பதில் வைத்திருக்க வேண்டும் என்று எண்ணுகிறேன்.

பிள்ளைகளுக்கு வேதாகமத்தைத் தவிர வேறு கதைகளை வாசிக்கக் கொடுப்பதே ஆபத்து என்று கருதும் பெற்றோர் எங்கள் சபைகளில் உண்டு. அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அத்தேனே பட்டணத்தில் பேசிய பவுல், உங்கள் புலவர்களிலும் சிலர் இப்படிச் சொல்லியிருக்கிறார்களே என்று கிரேக்கக் கவிதையை எடுத்து மேற்கோள் காட்டினார். அந்தக் கவிதை அவர் நினைவில் இருந்ததென்றால், எங்கேயோ அதை விரும்பிப் படித்திருக்கிறார். பேசும் மிருகங்களும் பறக்கும் படகுகளும் வரும் கதையை என் மகளுக்கு வாசித்துக்காட்டும்போது, இல்லாத ஒன்றை நம்பப் பழகுகிறாள் என்று எனக்குத் தோன்றவில்லை. இருக்கிறதைப் பார்க்கும்போது, இது இப்படித்தான் இருந்தாக வேண்டும் என்று எடுத்துக்கொள்ளாமல் இருக்கப் பழகுகிறாள் என்றே தோன்றுகிறது. "நான் பிரமிக்கத்தக்க அதிசயமாய் உண்டாக்கப்பட்டபடியால், உம்மைத் துதிப்பேன்" என்று 139-ஆம் சங்கீதம் சொல்வது கண்ணையும் காதையும் கைவிரலையும் பற்றி. பிறந்த நாளிலிருந்து கூடவே இருக்கும் விரலைப் பார்த்துப் பிரமிப்பதற்குக் கொஞ்சம் கதை கேட்ட மனம் வேண்டும்.

இதையெல்லாம் வாசிக்கிறவர்கள், இது அமைதியான வீட்டில் இருப்பவர் எழுதும் கடிதம் என்று நினைக்கக்கூடும். அப்படியல்ல. எந்த வீடும் அப்படியில்லை. பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்று, அவர்களில் பலரைச் சிசுக்களாகவே அடக்கம் செய்த சூசன்னா வெஸ்லி, 1712-இல் தம் கணவருக்கு எழுதிய கடிதத்தில் ஒவ்வொரு மாலையும் ஒரு பிள்ளையோடு தனியே பேசுவதற்கு நாள் ஒதுக்கியிருந்ததைச் சொல்கிறார். வியாழக்கிழமை ஜானுக்கு, சனிக்கிழமை சார்லசுக்கு. பிற்காலத்தில் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பிரசங்கித்த ஜான் வெஸ்லிக்கு வாரத்தில் ஒரு மாலை தாய் கேட்க உட்கார்ந்திருந்தாள் என்பதை, அவருடைய பெரிய கூட்டங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதிகம் சொல்வதில்லை. பாரிஸ் கர்மேல் மடத்தின் சமையலறையில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்து 1691-இல் மறைந்த சகோதரர் லாரன்ஸ், அந்த வேலையின் மேல் தமக்கு இயல்பாகவே வெறுப்பு இருந்தது என்று ஒளிக்காமல் சொன்னவர். பிடிக்காத வேலைக்குள்ளேதான் அவர் தேவ பிரசன்னத்தை உணரப் பழகினார். விருப்பத்தோடு சமைத்தவர் சொல்லியிருந்தால் எனக்கு அவ்வளவு உறைத்திருக்காது.

என் தாயாரின் கடைசி ஆண்டு எங்கள் வீட்டில்தான் கழிந்தது. நினைவு ஒவ்வொன்றாக உதிர்ந்தது. முதலில் தேதிகள் போயின, பிறகு பேரப்பிள்ளைகளின் பெயர்கள், கடைசியில் என் பெயர். சில இரவுகளில் நான் யாரோ அந்நியன் என்று அஞ்சிக் கதவைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அப்படிப்பட்ட ஓர் இரவில், அவரைச் சாந்தப்படுத்த ஒரு சங்கீதம் வாசிக்கலாம் என்று கைக்கு எட்டிய புத்தகத்தை எடுத்தேன். அது நண்பர் ஒருவர் கொடுத்த புதிய மொழிபெயர்ப்பு. "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை" என்று தொடங்கினேன். தாயார் சட்டென்று என் பக்கம் திரும்பினார். "தாழ்ச்சியடையேன்" என்றார். தப்பாகப் படிக்கும் பிள்ளையைத் திருத்தும் குரல் அது. எனக்கு ஐம்பது ஆண்டுகளாகத் தெரிந்த குரல். புதிய மொழிபெயர்ப்பில் தவறொன்றும் இல்லை, நல்ல தமிழ்தான். ஆனால் பெற்ற மகனின் பெயரே நில்லாத அந்த மனத்தில், சிறு வயதில் யாரோ வாய்விட்டு வாசித்துக் காட்டிய ஒரு வினைச்சொல் நின்றிருந்தது. நான் புத்தகத்தை மூடிவிட்டு, "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று பழையபடி தொடங்க, அவர் மீதியை முடித்தார். அதன் பிறகும் நான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும். ஆனால் அன்றிரவு அவர் கதவைப் பார்க்கவில்லை.

அவருடைய வேதாகமம் இப்போது என்னிடம் இருக்கிறது. ஓரங்களில் பென்சிலால் தேதிகள் குறித்திருக்கிறார். விளக்கம் ஒன்றும் இல்லை. ஒரு சங்கீதத்தின் பக்கத்தில் இருக்கும் தேதி எனக்குச் சிறு வயதில் காய்ச்சல் கடுமையாக வந்த வாரம் என்று என் அக்கா சொன்னார். மற்றவை என்னவென்று எங்கள் இருவருக்குமே தெரியாது. அந்தப் பக்கங்களைப் புரட்டும்போது, எங்கள் வீட்டில் அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஆண்டுகளில் ஒருவர் கணக்கு வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார் என்று தெரிகிறது. தம் இளம் உடன்ஊழியரான தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றி எழுதும் பவுல், அது முதலில் பாட்டி லோவிசாளுக்குள்ளும் தாய் ஐனிக்கேயாளுக்குள்ளும் இருந்தது என்று இரண்டு பெண்களின் பெயரைச் சொல்கிறார். அவர்கள் என்ன செய்தார்கள் என்று விவரிக்கவில்லை. விவரிக்கும்படியாக ஒன்றும் இருந்திருக்காது.

ஆசிரியர் அவர்களே, சமயம் தொடர்பான செய்திகள் தங்கள் நாளிதழில் பெரும்பாலும் திருவிழாக் காலத்திலும், ஏதாவது சச்சரவு எழும் காலத்திலும்தான் வருகின்றன. தங்களைக் குறைசொல்ல முடியாது. ஒருவர் இரவு எட்டரை மணிக்குத் தன் பிள்ளைக்கு ஓர் அதிகாரம் வாசித்தார் என்பது செய்தியாகாது. இருந்தாலும் ஞாயிறு இணைப்பில், எந்தச் சமயத்தவராயினும் வாசகர்கள் தங்கள் வீட்டு வாசிப்பைப் பற்றி எழுத ஒரு சிறு பத்தி ஒதுக்க முடியுமானால் நன்றாயிருக்கும். சபைகள் சிறப்புக் கூட்டங்களை அதிகப்படுத்த வேண்டும் என்று கட்டுரையாளர் யோசனை சொல்லியிருக்கிறார். கூட்டங்கள் நடக்கட்டும். அவற்றில் ஒன்றை விட்டுவிட்டு, அந்த மாலையில் ஒரே ஒரு கதையை வீட்டில் வாய்விட்டு வாசித்து, பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லாமல் இருந்துபார்க்கும்படி அவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

என் மகனுக்கு இப்போது பதினைந்து வயது. குடும்ப ஜெபத்துக்கு அவன் எப்போதும் வந்து உட்காருவதில்லை. நானும் வற்புறுத்துவதை விட்டுவிட்டேன். பக்கத்து அறையில் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு தன் புத்தகத்தை வாசித்துக்கொண்டிருப்பான். சென்ற வாரம் தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதிய இரண்டாம் நிருபத்தை வாசித்து முடித்தோம். சிறையில் இருக்கும் முதியவர், மாரிகாலத்துக்கு முன் வந்துவிடு என்று எழுதுகிறார். வரும்போது விட்டுவந்த மேலங்கியையும், "புஸ்தகங்களையும், விசேஷமாய்த் தோற்சுருள்களையும்" எடுத்துவரச் சொல்கிறார். நான் அடுத்த வசனத்துக்குப் போகுமுன் பக்கத்து அறையிலிருந்து குரல் வந்தது.

"சாகப்போறோம்னு அவருக்குத் தெரியும்ல? அப்புறம் எதுக்குப் புத்தகம் கேட்கிறாரு?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்